மறுமொழி: ஆண்டுமலர் – உதயதாரகை யாருடைய பேப்பர்?

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

நம் ஊர் ஆண்டுமலருக்கு உதயதாரகைப் பத்திரிகை பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மெல்பேர்ண் அக்கா எழுதினா. "அது மிஷன் பேப்பர்தானே, எங்கடை ஊருக்கும் அதுக்கும் என்ன?" என்று லண்டன் தம்பி கேட்டார். அப்புறம் மூன்று நாள் குழுவில் நல்ல சூடு. எல்லாம் வாசித்தேன். நான் ஓய்வுபெற்ற ஆள், ஸ்காபரோவில் வெளியே முழங்கால் அளவு பனி, வேறு வேலையும் இல்லை. ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

தம்பி, கேள்வி பிழையில்லை. ஆனால் அந்தப் பத்திரிகையை "மிஷன்" என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியாது. 1841 ஜனவரி 7ஆம் திகதி முதல் இதழ் வந்தது. இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகை அது. அதற்குப் பிறகு மிஷனே கை மாறிவிட்டது, அச்சுக்கூடம் கை மாறிவிட்டது, சபையின் பெயர் இரண்டு தரம் மாறிவிட்டது. பேப்பரின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அச்சடித்த ஊர் எது தெரியுமா? மானிப்பாய். நம் ஊர்.

கதை அதற்கு இருபது வருடம் முன்னே தொடங்குகிறது. அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன்காரர் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வேலையைத் தொடங்கினார்கள். அச்சடிக்காமல் பள்ளிக்கூடம் நடத்த முடியாது என்பது அவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. 1820இல் ஜேம்ஸ் கரெட் என்ற அச்சுக்காரரைப் பொஸ்ரனிலிருந்து அனுப்பினார்கள். அப்போது இலங்கையின் பதில் தேசாதிபதியாக (தற்காலிக ஆளுநராக) இருந்த எட்வேட் பார்ண்ஸ் ஆளை இருக்கவிடவில்லை, தீவை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். அமெரிக்காவோடு பிரித்தானியா போர் முடித்து ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது, சந்தேகம் ஆறவில்லை. கரெட் பம்பாய்க்குப் போய்ச் சாகும்வரை அங்கேயே அச்சு வேலை பார்த்தார். அமெரிக்கர் வைத்திருந்த அச்சியந்திரம் நல்லூரிலிருந்த ஆங்கிலேய மிஷனிடம் போனது. ஆக, பேப்பர் பிறக்க முன்னரே இயந்திரம் ஒரு தரம் கை மாறியாயிற்று!

பார்ண்ஸ் போய்க் காலம் மாறிய பிறகு, 1830களில் மைனர் என்ற இன்னொரு அச்சுக்காரர் வந்தார். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் பெருகியது. 1842இல் அங்கே அச்சான தமிழ் அகராதியை இன்றைக்கும் 'மானிப்பாய் அகராதி' என்றுதான் சொல்கிறார்கள். ஏறக்குறைய 58,500 சொற்கள். ஒரு ஊரின் பெயர் அகராதியில் இருப்பது பெரிய காரியமில்லை, அகராதிக்கே ஊரின் பெயர் இருப்பது கொஞ்சம் பெரிய காரியம்தான். (இதைச் சொல்லி நான் சுன்னாகத்துச் சம்பந்தியிடம் பல தரம் வாங்கிக் கட்டியிருக்கிறேன்.)

அந்தச் சூழலில்தான் உதயதாரகை மாதம் இரு முறை, தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவந்தது. முதல் பத்திராதிபர்கள் ஹென்றி மாட்டினும் சேத் பேசனும். பெயரைக் கேட்டால் இரண்டு வெள்ளைக்காரர் தொப்பியோடு இருந்து எழுதியதாகத் தோன்றும். இருவரும் மிஷனின் உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டை செமினரியில் படித்த தமிழர். அமெரிக்காவில் யாராவது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றால், தாங்கள் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைப்பிப்பார்கள். அந்த வழக்கத்தால் நம் ஊர்ப் பையன்கள் பலர் நியூ இங்கிலாந்துப் பாதிரிமாரின் பெயரோடு திரிந்தார்கள். தம்பி கேட்கும் "யாருடைய பேப்பர்" என்ற சிக்கல் அந்தப் பெயர்களிலேயே கிடக்கிறது. காசு பொஸ்ரனுடையது, பெயரும் பொஸ்ரனுடையது. எழுதிய கை நம்முடையது.

உள்ளே வேதம் மட்டும் இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். கல்வி, சரித்திரம், பயிர்ச்செய்கை, அரசாட்சி, ஊர்ப் புதினம், எல்லாம் வந்தன. புதினம் என்றால் நமக்குச் செய்தி. சென்னை நண்பர்களிடம் "என்ன புதினம்?" என்று கேட்டால் நாவல் பெயர் சொல்வார்கள், அது வேறு கதை. சைவத்தைத் தாக்கியும் எழுதினார்கள், மறைப்பதற்கில்லை. அதற்குச் சைவர்கள் எழுதிய மறுப்புக் கடிதங்களையும் அதே பேப்பரில் அச்சிட்டார்கள். எதிரியின் தாளிலேயே எதிரிக்குப் பதில் எழுதிப் பழகிய சமூகம், சில வருடத்தில் தனக்கென்று இயந்திரம் வேண்டும் என்று நினைத்தது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார். கத்தோலிக்கரின் பாதுகாவலன் 1876இல் வந்தது. சைவ பரிபாலன சபையின் இந்து சாதனம் 1889இல் வந்தது. மூன்று சமயமும் ஆளுக்கொரு பேப்பர் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று விடாமல் வாசித்த பட்டினம் அது. என் அப்பு மருதடிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தேத்தண்ணி குடிக்காத மனிதர். பக்கத்து வீட்டு மாஸ்ரரிடம் தாரகையை இரவல் வாங்கி, திண்ணையில் இருந்து சத்தமாக வாசித்து, வரிக்கு வரி எதிர்வாதம் சொல்லுவார். வாசித்து முடித்த பேப்பரைக் கசங்காமல் மடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

சரி, கை மாறிய கதைக்கு வருகிறேன். பெரிய மாற்றம் 1855. பொஸ்ரன் தலைமைச் சபையின் செயலாளர் றூஃபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலக் கல்விக்கும் அச்சுக்கூடத்துக்கும் இவ்வளவு காசு கொட்டுவானேன், ஊர்ச் சபைகள் தம் காலில் நிற்கட்டும் என்பது அவர் கொள்கை. வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. அதே காலத்தில் மானிப்பாய் அச்சுக்கூடமும் மிஷனின் கையை விட்டு உள்ளூர்க் கிறிஸ்தவர்களிடம் போனது. றிப்ளி – ஸ்ட்ரோங் என்ற பெயரில் அது நடந்தது, பிறகு ஸ்ட்ரோங் – அஸ்பரி. இவையும் அமெரிக்கப் பெயர் வாங்கிய தமிழர்களின் பெயர்கள்தான். 1859இல் சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய 'தமிழ் புளூட்டாக்' நூலின் முகப்பில் றிப்ளி – ஸ்ட்ரோங் பெயரைப் பார்க்கலாம். அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழில் ஆக்கிய வைத்திய நூல்களில் 'இரணவைத்தியம்' 1867இல் இந்த ஊரிலேயே அச்சானது. மிஷன் கைவிட்டால் அச்சுத்தொழில் படுத்துவிடும் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். படுக்கவில்லை. என்னைக் கேட்டால், மலரில் எழுத வேண்டிய இடம் இதுதான். 1841ஐப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். 1855க்குப் பிறகு சம்பளமும் கடதாசியும் மையும் ஊர்க்காரர் பொறுப்பாகிய பிறகும் மானிப்பாயில் இயந்திரம் நிற்காமல் ஓடியது பற்றி யாரும் எழுதுவதில்லை.

பத்திராதிபர் கதிரையில் 1850களின் பிற்பகுதியிலிருந்து நெடுங்காலம் இருந்தவர் ஆணல்ட் சதாசிவம்பிள்ளை. 1820இல் பிறந்தவர், 1896இல் இறந்தவர். 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதி நானூறுக்கு மேற்பட்ட புலவர்களைப் பதிவுசெய்தார். அதில் சைவப் புலவர்களையும் தாராளமாகச் சேர்த்தார். கிறிஸ்தவப் பத்திரிகை நடத்தியவர் வேறு சமயத்தாரின் பாட்டை விட்டுவிடவில்லை. மலர்க்குழுவுக்கும் இதைக் கொஞ்சம் சொல்லிவைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

இருபதாம் நூற்றாண்டை வேகமாகக் கடக்கிறேன். 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை உருவானபோது அமெரிக்க மிஷனின் சபைகள் அதற்குள் வந்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது, அதன் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு (பேராயரின் கீழுள்ள சபைப் பிரிவுக்கு) சபாபதி குலேந்திரன் முதல் பேராயர் ஆனார். உதயதாரகை அந்த ஆதீனத்தின் பத்திரிகையாயிற்று. பொஸ்ரனில் இருந்த சொந்தக்காரர் கடைசியில் வட்டுக்கோட்டைக்கு வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. அதற்குள் யாழ்ப்பாணத்தில் தனிமனிதர் நடத்திய பத்திரிகைகளும் வந்துவிட்டன. குரும்பசிட்டி பொன்னையா 1930இல் தொடங்கிய ஈழகேசரி 1958இல் நின்றது. அடுத்த வருடம் ஈழநாடு வந்தது. 1981இல் யாழ் நூலகம் எரிந்த நாட்களில் ஈழநாட்டின் அலுவலகமும் எரிந்தது. நூலகத்தோடு போனவற்றில் எவ்வளவு பழைய பேப்பர்க் கட்டுகள் இருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துப் பேப்பர்கள் கொப்பித் தாளிலும் வந்தன. எங்கள் வீட்டில் அப்படி ஒரு இதழை வைத்திருந்தோம், கோடு போட்ட தாளில் தலைப்புச் செய்தி. 1995 இடப்பெயர்வில் அதுவும் போய்விட்டது.

ஆக தம்பி, என் பதில் இது: காசு போட்டவரைக் கேட்டால் மாறிமாறி நாலு பேர் வருவார்கள். எழுத்துக் கோர்த்தவரையும் பிழை திருத்தியவரையும் வண்டியில் கட்டுக் கொண்டுபோனவரையும் கேட்டால் நம் ஒழுங்கைகளில் வந்து நிற்க வேண்டும். மலரில் ஒரு எட்டுப் பக்கம் ஒதுக்குங்கள். மிஷன் சைவத்தைத் தாக்கியதையும் அதில் எழுதுங்கள், மழுப்ப வேண்டாம். அந்தப் பகுதியைத் தம்பியே எழுதினால் எனக்குச் சந்தோஷம்.

இனி வேலைப் பேச்சு. யாரிடமாவது பழைய உதயதாரகை ஒரு தாளாவது இருந்தால் அசலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் அருகே விரித்து, தலைப்பும் திகதியும் தெரிய ஒரு படம், பிறகு பக்கம் பக்கமாக ஒவ்வொரு படம். மடிப்பை நிமிர்த்த இஸ்திரிப்பெட்டி வைக்கக் கூடாது (போன தடவை ஒருவர் வைத்தார், பெயர் சொல்லமாட்டேன்). ஒட்டும் டேப்பும் வேண்டாம். 'நூலகம்' என்ற மின்னூலக இணையத்தளத்திலும் ஒருக்கால் தேடிப் பாருங்கள், நம் வீட்டில் இருப்பது அங்கே இல்லையென்றால் அவர்களுக்கும் கொடுக்கலாம்.

இன்னொன்று. ஆச்சிமார் உடுப்பு அலுமாரித் தட்டில் பேப்பர் விரித்து, மேலே பூச்சி உருண்டை போட்டு வைப்பார்கள். என் ஆச்சியின் அலுமாரி அடித்தட்டில் கிடந்த தாளை நான் 1970களில் வாசித்தது நல்ல நினைவு, விளம்பரப் பக்கம், ஒரு மூலை கரப்பான் அரித்தது. வருகிற ஆடியில் ஊருக்குப் போகிறவர்கள் வீட்டைத் துப்புரவு செய்யும்போது அடித்தட்டுத் தாளைச் சுருட்டி எரிக்க முன் ஒருக்கால் பிரட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் மருதடி ஒழுங்கைக்காரர்