பனிக்காட்டில் அணைந்துபோன விளக்கு: கடுங்குளிரில் பேட்டரியைக் காப்பது எப்படி?

பனிவயல் (எட்மன்டன், ஆல்பர்ட்டா) எழுதியது:

வணக்கம். எட்மன்டனுக்கு வடக்கே மான் வேட்டைக்குச் செல்லத் தொடங்கி இது எனக்கு மூன்றாவது பருவம். நவம்பர் இறுதியில் இங்கே சூரியன் காலை எட்டே கால் மணிக்கு மேல்தான் எழுகிறது. மாலை நாலரைக்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே காத்திருக்கும் இடத்துக்கு நடந்து செல்வதும் திரும்புவதும் இருளில்தான். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின் வேட்டையாடவோ, விளக்கொளியில் வேட்டையாடவோ இங்கே சட்டம் இடம் தரவில்லை. நான் கேட்பது வழி பார்க்கவும், சுடப்பட்ட மானைத் தேடிக் கண்டெடுத்து அங்கேயே குடல் நீக்கிச் சுத்தம் செய்யவும் பயன்படும் விளக்கைப் பற்றி மட்டுமே.

சென்ற சனிக்கிழமை வெப்பநிலை −28 டிகிரி. கடைசி வெளிச்சத்தில் சுட்ட வெள்ளைவால் மான் ஒன்று புதர்களுக்குள் ஓடி மறைந்தது. துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துவிட்டு, இரத்தத் தடத்தைப் பின்பற்றிச் சென்றேன். மூன்று மணி நேரம் எரியும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த கைவிளக்கு இருபது நிமிடம் ஆவதற்குள் அணைந்துவிட்டது. முதல்நாள் இரவுதான் அதை முழுமையாகச் சார்ஜ் செய்திருந்தேன். மாற்றாக வைத்திருந்த, தலையில் கட்டும் விளக்கில் சாதாரண அல்கலைன் ஏ.ஏ. மின்கலங்கள் இருந்தன, அதுவும் சிறிது நேரம் மங்கலாக எரிந்து ஓய்ந்தது. விடிந்த பிறகே மானைக் கண்டெடுக்க முடிந்தது. அதற்குள் கொயோட்டிகள் பாதியைத் தின்றிருந்தன. ஓர் உயிரைச் சுட்டுவிட்டு உடனே போய்ச் சேர முடியாமற்போனது என்னை மிகவும் வருத்துகிறது.

வீட்டுக்கு வந்து கைவிளக்கிலிருந்த 18650 மின்கலத்தை (சார்ஜ் செய்யக்கூடிய, உருளை வடிவ லித்தியம் அயனி வகை) அளந்து பார்த்தால், பாதிக்கு மேல் மின்னூட்டம் அப்படியே இருக்கிறது. இது எப்படி? இன்னும் அதிக லூமன் (ஒளியின் அளவு) உள்ள விளக்கு வாங்கினால் சிக்கல் தீருமா?

மின்வேதி எழுதியது:

தீராது; பெரும்பாலும் கூடும். மின்கலச் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குளிர் உங்கள் மின்கலத்தைக் காலி செய்யவில்லை, உள்ளே இருந்த மின்னூட்டத்தை வெளியே வரவிடாமல் தடுத்தது. லித்தியம் அயனி மின்கலத்துக்குள் இருக்கும் கரைப்பான்களில் ஒன்றான எத்திலீன் கார்பனேட், தனியாக இருந்தால் 36 டிகிரியிலேயே உறைந்து திண்மமாகிவிடும் பொருள். வேறு கரைப்பான்களுடன் கலந்திருப்பதால்தான் திரவமாக இருக்கிறது. வெப்பநிலை இறங்க இறங்க அந்தக் கலவை தடித்து, அயனிகள் மெதுவாக நகர்கின்றன; மின்முனைகளில் நடக்கும் வேதிவினையும் தளர்கிறது. இவை இரண்டும் சேர்ந்து உள்மின்தடையை உயர்த்துகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை வெப்பத்தில் உள்மின்தடை 0.1 ஓம் என்றும், உங்கள் விளக்கு உச்ச ஒளியில் 3 ஆம்பியர் இழுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது மின்னழுத்தம் 0.3 வோல்ட்தான் சரியும். குளிரில் அதே மின்தடை 0.4 ஓம் ஆனால் சரிவு 1.2 வோல்ட். 3.7 வோல்ட் மின்கலம் 2.5 வோல்ட்டுக்கு வந்துவிடுகிறது. பாதுகாப்புச் சுற்று அதை முழுதும் வடிந்துபோன மின்கலம் என்று கருதி விளக்கை அணைத்துவிடுகிறது. அதே மின்கலத்திலிருந்து 0.3 ஆம்பியர் மட்டும் இழுத்திருந்தால் சரிவு 0.12 வோல்ட், விளக்கு நெடுநேரம் எரிந்திருக்கும். குளிரில் குறைந்த ஒளியில் வைத்து நடக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். எல்.ஈ.டி.யின் மேல் குற்றமில்லை. அது குளிரில் இன்னும் திறமையாகவே ஒளிரும்.

அல்கலைன் மின்கலத்தின் மின்பகுளி நீரில் கரைந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. −18 டிகிரிக்குக் கீழே பயன்படுத்த அது உருவாக்கப்படவே இல்லை. அதைக் குளிர்கால மாற்று விளக்கில் வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரவெல்லாம் வண்டியில் கிடந்து உறைந்துபோன லித்தியம் அயனி மின்கலத்தைக் காலையில் வண்டியிலேயே சார்ஜ் போடாதீர்கள். குளிரில் அதைப் பயன்படுத்துவதால் நிலையான கேடு ஏதும் இல்லை. ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால், எதிர்மின்முனையான கிராஃபைட்டுக்குள் புக வேண்டிய லித்தியம் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியத் தொடங்கும். அந்த இழப்பை மீட்க முடியாது. நாளடைவில் மின்கலத்துக்குள்ளேயே குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படவும் அது வழி வகுக்கும். அறைக்குள் கொண்டுவந்து, உள்வரை வெப்பமேறிய பிறகே சார்ஜ் செய்யுங்கள்.

வடகடல் (திரொம்சோ, நோர்வே) எழுதியது:

மின்வேதி அண்ணா சொன்னதை நான் அனுபவத்தில் கற்றேன். திரொம்சோவில் கடல் அருகில் இருப்பதால் குளிர் அவ்வளவு கடுமையாக இராது. ஆனால் நாங்கள் ரீப்பெ எனப்படும், குளிர்காலத்தில் வெண்ணிறமாகும் காட்டுப்பறவையை வேட்டையாட, நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க்கின் உட்பகுதிக்குச் செல்வோம். அங்கேயுள்ள காரஸ்யோக்கில் 1886இல் −51.4 டிகிரி பதிவாகியிருக்கிறது. −30 என்பது அவ்வூராருக்குப் புதிதன்று.

பனிச்சறுக்கு வீரர்கள் பயன்படுத்துகிற, பற்றறிப் பெட்டி தனியாகவும் விளக்குத் தலை தனியாகவும் உள்ள வகையை வாங்குங்கள். நீட்டிப்புக் கம்பியைக் கழுத்துப் பக்கமாக உள்ளே விட்டு, பற்றறியைக் கம்பளிச் சட்டைக்கும் மேலங்கிக்கும் நடுவே வைத்துக்கொண்டால், வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் அது உடற்சூட்டிலேயே இருக்கும். நான் இப்படிப் பயன்படுத்தத் தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறையும் இருளில் நின்றதில்லை. கைவிளக்கை விட்டுவிட மனமில்லை என்றால், மின்கலத்தை உட்பையில் வைத்திருந்து, தேவைப்படும் நேரத்தில் மட்டும் விளக்கில் போடுங்கள். அலுமினிய உடலுள்ள விளக்கு கையிலிருக்கும் சூட்டை வெகு விரைவில் உறிஞ்சிவிடும். கை ஓய்வில்லை என்று அதைப் பல்லில் கடித்துப் பிடிக்கவும் வேண்டாம். உதட்டுத் தோல் ஒட்டி உரிந்துவிடும்.

தடம் தேடும்போது சிவப்பு ஒளியைத் தவிர்க்கவும். சிவப்பு ஒளியில் வெண்பனியும் இரத்தமும் ஒரே நிறமாகிவிடுகின்றன.

காட்டுவழி எழுதியது:

உடற்சூட்டை நம்புவது சரியான வழியே. என்றாலும் பையின் அடியில் கிடக்கும் மாற்று விளக்கை யாரும் சூடாக வைத்திருக்க முடியாது. அதற்கு, சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏ.ஏ. மின்கலங்கள்தான் ஏற்றவை. லித்தியமும் இரும்பு டைசல்ஃபைடும் கொண்ட அந்த வகையில் நீர் இல்லை. −40 டிகிரி வரை வேலை செய்யும். ஒவ்வொன்றும் 15 கிராம் அளவே எடை. மின்னழுத்தம் 1.5 வோல்ட் என்பதால், உங்கள் பழைய விளக்கிலேயே அல்கலைனுக்குப் பதிலாகப் போடலாம். விலை அதிகம்தான். ஆனால் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும்.

அவற்றில் ஒரு குறை உண்டு. கடைசி வரை ஒரே சீராக எரிந்துவிட்டுத் திடீரென அணைந்துவிடும்; ஒளி மங்குவதைப் பார்த்து நாம் எச்சரிக்கை அடைய முடியாது. எனவே ஒவ்வொரு பருவத்தையும் புதிய மின்கலங்களோடு தொடங்குங்கள்.

சார்ஜ் செய்ய முடியாத, குட்டையான 3 வோல்ட் லித்தியம் மின்கலமான சி.ஆர்.123ஏ வகையும் குளிரைத் தாங்கும். 18650 போடும் சில விளக்குகளில் இரண்டு சி.ஆர்.123ஏ பொருந்திவிடும், ஆனால் அவை சேர்ந்து 6 வோல்ட். விளக்கின் கையேடு அனுமதித்தால் மட்டுமே போட வேண்டும். பழையதையும் புதியதையும் ஒன்றாகப் போட்டால் வெடிக்கும் அபாயம் உண்டு.

குளிர்ந்த விளக்கைச் சூடான குடிலுக்குள் அப்படியே கொண்டுவராதீர்கள். மூக்குக்கண்ணாடியில் நீர் பூப்பதைப் போல விளக்கின் உள்ளும் பூக்கும்; மறுநாள் அது திருகுமரையிலும் சுவிட்சிலும் பனிக்கட்டியாகும். வெளியிலேயே ஒரு நெகிழிப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிட்டு உள்ளே எடுத்து வாருங்கள்.

பனிவயல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஒரு சோதனை செய்தேன். வீட்டு உறைபெட்டி −18 டிகிரி. அதில் விளக்கை இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் உள்ளேயே உச்ச ஒளியில் எரியவிட்டேன். நீண்ட நேரம் தாங்கவில்லை. மின்கலத்தை மட்டும் எடுத்துத் துணியால் துடைத்து, சட்டையின் உட்பையில் அரை மணி நேரம் வைத்திருந்து மீண்டும் போட்டபோது, எதுவுமே நடக்காதது போல எரிந்தது. அன்றைக்கு இது தெரிந்திருந்தால், இருளில் நின்ற அந்த இடத்திலேயே மின்கலத்தைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக் காத்திருந்திருப்பேன்.

தனிப் பற்றறிப் பெட்டியுள்ள விளக்கை வாங்க முடிவு செய்துவிட்டேன். தலைவிளக்குக்கு லித்தியம் ஏ.ஏ. மின்கலங்கள் இன்றே வாங்கியாகிவிட்டது. வடகடல் அண்ணா, அந்த நீட்டிப்புக் கம்பியின் உறை −30 டிகிரியில் விறைத்து வெடிக்காமல் இருக்கிறதா?

வடகடல் எழுதியது:

மலிவான பி.வி.சி. உறையுள்ள கம்பி விறைக்கும். என்னுடைய முதல் கம்பி இணைப்பான் அருகே வெடித்துவிட்டது. சிலிகோன் உறையுள்ளதைக் கேட்டு வாங்குங்கள், தம்பி. இணைப்பானையும் மேலங்கிக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.