ஒக்சிமீற்றரில் 98, ஆனால் நம்பலாமா?

எல்லாருக்கும் வணக்கம். அம்பாறைக் கரையோரத்தில் சிறிய வைத்தியசாலை ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். மாரியில் கரண்ட் போனால், மழைக்குப் பயந்து ஜெனரேற்றரை வீட்டுக்குள்ளேயே ஓட விடுகிறார்கள். தலையிடி, சத்தி, மயக்கம் என்று குடும்பமாக வந்தால் முதல் சந்தேகம் ஜெனரேற்றர் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுதான்.

சிக்கல், விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனைப் பார்க்கும் பல்ஸ் ஒக்சிமீற்றரில். 660, 940 நனோமீற்றர் என்ற இரண்டு ஒளியை வைத்தே அது கணக்குப் பார்க்கிறது. காபனோரொட்சைட்டு பிடித்த ஈமோகுளோபினும் அதற்கு ஒட்சிசன் ஏறியது போலத்தான் தெரியும். ஆள் சோர்ந்து கிடக்க, திரையில் 98! கோ-ஒக்சிமீற்றர் (காபனோரொட்சைட்டு பிடித்த ஈமோகுளோபினைப் பிரித்து அளக்கும் கருவி) இல்லாத இரத்தவாயு இயந்திரமும் ஒட்சிசன் செறிவைக் கணித்துத்தான் சொல்லும், நேரடியாக அளக்காது.

இலக்கத்தைப் பார்க்காமல் மாஸ்க்கில் முழு ஒட்சிசன் கொடுக்கிறோம், அது சரி. ஆனால் சாதாரணக் காற்றில் பாதியாகக் குறைய 4–5 மணித்தியாலம் எடுக்கும் காபனோரொட்சைட்டு அளவு, ஒட்சிசனில் 60–90 நிமிடத்திலேயே குறைந்துவிடும். ஆகவே இரத்தத்தை முதலிலேயே எடுக்க வேண்டும் (நாளத்து இரத்தமே போதும்).

கல்முனை முதல் மட்டக்களப்பு வரை எந்த ஆய்வுகூடத்தில் கோ-ஒக்சிமீற்றர் இப்போது வேலை செய்கிறது? இரவிலும் மாதிரி எடுப்பார்களா? அப்புறம், விரலில் மாட்டும் கோ-ஒக்சிமீற்றர் பாவித்த டொக்டர்மார், ஐசியூ தாதிமார் இருந்தால், அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லுங்கள்.