வீட்டு பிரெட்: மாவு ஏன் அமுங்குகிறது, நடுவில் ஏன் பிசுபிசுக்கிறது? நான்கு ஊர்களில் வீட்டில் பிரெட் சுடுகிறவர்கள் சொல்கிறார்கள்.

மதுரை:
"வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்" என்று எழுதுகிறவர்களின் அடுக்களை குளிர்ந்த அடுக்களை. மே மாதத்தில் இங்கே அப்படியே செய்தால் மாவு பொங்கி, கள் வாடை வந்து, ஓவனுக்குள் போனதும் அமுங்கிவிடும். பிசைந்து முடித்த மாவின் சூடு 25 டிகிரி இருக்க வேண்டும். அதற்குக் கணக்கு உண்டு. 25-ஐ மூன்றால் பெருக்கினால் 75. அதில் அறையின் சூடு, பிசையாத உலர்ந்த மாவின் சூடு, கையால் பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழியுங்கள். அறை 33, மாவு 33, பிசைவதற்கு 4 என்றால் மிச்சம் 5, அதுதான் தண்ணீருக்கு இருக்க வேண்டிய சூடு. ஆக, ஃபிரிட்ஜ் தண்ணீர்தான். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை அந்தக் குளிர்ந்த நீரில் நேரே போடாதீர்கள், வீரியம் குறையும். முதலில் மாவோடு கலந்துவிடுங்கள். 500 கிராம் மைதாவுக்கு ஈஸ்ட் 3 கிராம், உப்பு 10 கிராம். தராசு கட்டாயம் வேண்டும். ஒரு கப் மைதா, அள்ளுகிற கையைப் பொறுத்து 120 கிராமும் இருக்கும், 150-ம் இருக்கும்.

சேலம்:
அக்கா சொன்னது மைதாவுக்குப் பொருந்தும். மில்லில் திரித்த கோதுமை மாவு வேறு ரகம். அதில் புரதம் குறைவில்லை, தவிடுதான் குளூட்டன் இழைகளை, அதாவது மாவை இழுவையாகப் பிடித்து வைக்கும் புரத இழைகளை, அறுக்கிறது. திரிக்கும்போது மாவுச்சத்து நசுங்குவதால் தண்ணீரும் நிறையக் குடிக்கும். 300 கிராம் மாவுக்கு 220 கிராம் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு மேசைக்கரண்டி மட்டும் தனியே வையுங்கள். மீதியை மாவில் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் தவிடு ஊறி மெத்தென்று ஆகும். பிறகு, எடுத்து வைத்த தண்ணீரில் 2 கிராம் ஈஸ்ட்டைக் கரைத்துச் சேர்த்து, உப்பு 6 கிராம், நாட்டுச்சர்க்கரை 15, எண்ணெய் 15 போட்டுப் பிசையுங்கள். சப்பாத்தி மாவுப் பதம் வந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். விரலில் சற்று ஒட்ட வேண்டும்.

இரண்டு மடங்கு உயரும்வரை காத்திருக்காதீர்கள். கோதுமைக்கு ஒன்றரை மடங்கே போதும். டின்னில் வைத்தபின் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். குழி மெல்லப் பாதியளவு மேலெழுந்தால் ஓவனுக்குத் தயார். சட்டென்று மேலே வந்தால் இன்னும் நேரம் கொடுங்கள். வரவே இல்லையென்றால் அளவு கடந்துவிட்டது. காற்றை இறக்கி மறுபடி உருட்டி வைத்தால் காப்பாற்றலாம்.

திருச்சி:
ஓடிஜியின் (வீட்டில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) குமிழ் 200 என்று காட்டுவதை நம்பக் கூடாது, 20 டிகிரி கூடக் குறைய இருப்பது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் ஓவன் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய 15 நிமிடம் காயவிட்டு, டின்னைக் கீழ்த்தட்டில் வையுங்கள். 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். சின்ன ஓடிஜியில் மேல்கம்பி பிரெட்டுக்கு மிக அருகில் இருப்பதால் 20 நிமிடத்திலேயே மேற்புறம் சிவந்துவிடும். அந்த நிறத்தை நம்பி வெளியே எடுப்பதால்தான் நடுப்பகுதி வேகாமல் போகிறது. அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போட்டு முழு நேரமும் வேகவிடுங்கள். உள்ளே குத்திப் பார்க்கும் வெப்பமானி 94 டிகிரி காட்ட வேண்டும். அதன்பிறகும் ஒரு மணி நேரம் ஆறவிடாமல் வெட்டினால் கத்தியில் பிசின்போல ஒட்டும், ஏனென்றால் மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகுகிறது.

ஊட்டி:
அந்த 94 எங்களுக்கு வராது. 2,200 மீட்டருக்கு மேலே தண்ணீரே சுமார் 92 டிகிரியில் கொதித்துவிடும். 90, 91 வந்து முள் அதற்குமேல் நகராமல் நின்றால் வெந்துவிட்டது. 94-க்காகக் காத்திருந்தால் பிரெட் காய்ந்துபோகும். இங்கே ஃபிரிட்ஜ் தண்ணீரும் வேண்டாம், டிசம்பரில் 35 டிகிரித் தண்ணீர் ஊற்றினால்தான் மாவு அசைகிறது.

மதுரை:
ஊட்டிக் கணக்கு அருமை, மலையில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பிரெட் மென்மையாக வர என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: 500 கிராம் மைதாவில் 25 கிராமை எடுத்து, 125 கிராம் தண்ணீரில் கரைத்து, கரண்டி இழுத்தால் தடம் நிற்கும்வரை கஞ்சி காய்ச்சுங்கள். நன்றாக ஆறியபின் மாவில் சேர்த்துப் பிசையுங்கள். அந்த 125 கிராமை மொத்தத் தண்ணீரில் கழிக்க மறக்காதீர்கள். பிரெட் மறுநாளும் பஞ்சுபோல இருக்கும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் வேகமாக விறைக்கும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது நேரே தோசைக்கல்லில் போடுங்கள்.