கிட்னி ஸ்கேனில் நீங்கள் ஏமாந்த கதையைச் சொல்லுங்கள்

முதல் வருட பிஜி:
ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே படிப்பது) மேற்படிப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கிட்னியைப் போர்டில் வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஓரத்துக் கார்டெக்ஸ் சாம்பல், அதற்கு உள்ளே கூம்பு கூம்பாக இருக்கும் பிரமிட் அதைவிடக் கறுப்பு, நடுவில் சைனஸ் கொழுப்பு பளீரென்று வெள்ளை. நேற்று ஒரு பெண்மணிக்கு அந்த வெள்ளைக்கு நடுவே கறுப்பாக ஒரு பிளவு, இரண்டு பக்கமும். லேசான ஹைட்ரோநெப்ரோசிஸ் (யூரின் தேங்கி கிட்னி விரிவது) என்று எழுதிவிட்டேன். சார் வந்தார். படத்தைப் பார்க்கவே இல்லை. "ஏம்மா, யூரின் முட்டுதா?" என்று மட்டும் கேட்டார்.

"பத்து மணிக்குக் குடிச்ச தண்ணி சார். டோக்கன் போயிடுமேன்னு அடக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அப்போது மணி பன்னிரண்டரை. பாத்ரூம் போய்விட்டு வந்து கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கறுப்பைக் காணோம். பிளாடர் (சிறுநீர்ப்பை) முட்ட நிரம்பியிருந்தால் மேலிருந்து யூரின் இறங்கத் தாமதமாகும், கிட்னி நடுவில் யூரின் சேரும் பெல்விஸ் கொஞ்சம் விரியும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஜெல் பாட்டில்:
எனக்கு அந்தக் கறுப்பு, ரீனல் வெயின், அதாவது கிட்னியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய். ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளர் போட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். போடவில்லை. அவ்வளவுதான் கதை.

கேஷுவால்டி வாசல்:
முதல் பதிவைப் படித்துவிட்டு வருகிறவர்களை எல்லாம் எடுத்த எடுப்பில் பாத்ரூமுக்கு அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பி மாட்டிக்கொண்டேன். ராத்திரி இரண்டு மணி. ஒர்க் ஷாப் பையன், வலது விலாவிலிருந்து கவட்டை வரை வலி, படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வலது கிட்னி லேசாக விரிந்திருக்கிறது. உள்ளே கல் இல்லை. அப்படியானால் கிட்னியிலிருந்து பிளாடருக்கு இறங்கும் குழாயான யூரெட்டரில்தான் இருக்க வேண்டும். அதுவோ கிட்டத்தட்ட 25 செ.மீ. நீளம். விரியாத யூரெட்டர் பொதுவாகக் கண்ணிலேயே படாது, விரிந்தாலும் நடுப்பகுதியைக் குடல் காற்று மறைத்துவிடும். கல் மாட்டுகிற குறுகல்கள் மூன்று: பெல்விஸ் யூரெட்டராக மாறும் இடம், இடுப்பில் இலியாக் ரத்தக்குழாய்களைத் தாண்டும் இடம், பிளாடருக்குள் நுழையும் இடம். மூன்றாவதைப் பார்க்க பிளாடரில் நிற்கும் யூரின்தான் ஜன்னல். அந்த ஜன்னலைத்தான் நான் சாத்தி வைத்திருந்தேன்.

டிரிப்ஸ் ஏற்றி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, மறுபடி புரோபை (ஸ்கேன் கருவியின் கைப்பிடியை) வைத்தேன். பிளாடருக்குள் நுழையும் முனையில் 5 மி.மீ. வெள்ளைப் புள்ளி. கல்லுக்குப் பின்னால் விழும் நிழல்கூடச் சரியாக விழவில்லை. கலர் போட்டதும் புள்ளிக்குப் பின்னால் மத்தாப்பு கொளுத்தியதுபோலச் சிவப்பும் நீலமும் சிதறின, கல்லின் அடையாளம். இடது பக்கம் யூரின் ஜெட் விட்டு விட்டுப் பீச்சிக்கொண்டிருந்தது. வலது பக்கம் பத்து நிமிடம் பார்த்தும் ஒன்றுகூட இல்லை. நிரம்பிய பிளாடரை முதலில் பார்ப்பது, தேவைப்பட்டால் அப்புறம் போகச் சொல்லிவிட்டு கிட்னியை மறுபடி பார்ப்பது. அன்றிலிருந்து என் வரிசை இதுதான்.

இடது கை:
நான் இல்லாத கிட்னியை அளந்தவன். இடது பக்கம், 9.6 செ.மீ., ஓரம் சாம்பல், நடுவில் வெள்ளை, எல்லாம் சரி. இன்னொரு படம் எடுக்கலாம் என்று புரோபை அப்படியே வைத்திருந்தேன். கிட்னி நெளிந்தது! அது பெருங்குடல். அந்த இடத்தில் கிட்னி இல்லாவிட்டால் குடல் சரிந்து வந்து அதே பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். நான் கேலிப்பர் (திரையில் அளக்கும் குறி) வைத்தது அதன் மேல்.

நிஜக் கிட்னி பிளாடருக்கு மேலே, இடுப்புக்குள் உட்கார்ந்திருந்தது. முறையான அவரை விதை வடிவம்கூட இல்லை, திரும்பிக் கிடந்தது. தெரியாதவன் பார்த்தால் கட்டி என்பான். கருவில் கிட்னி உருவாவதே இடுப்பில்தான், அங்கிருந்துதான் விலாப் பக்கம் ஏறி வரும். வழியில் நின்றுவிட்டால் இப்படி. கீழ் முனைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஏறினால் பெருங்குடலுக்குப் போகும் இன்ஃபீரியர் மெசென்டரிக் தமனியில் தட்டி நின்று குதிரை லாட வடிவக் கிட்னி ஆகிவிடும். அந்த அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். ஒரு கிட்னி வேறு இடத்தில் இருப்பது அன்றுதான் தெரிந்தது. "அது பாட்டுக்கு இருக்கட்டும், எனக்குப் பித்தப்பையில கல்லு இருக்கா, அதச் சொல்லுங்க" என்றார்.

பழைய ஆள்:
நான் செய்தது சின்னத் தப்பு, ஆனால் அலைச்சல் முழுதும் நோயாளிக்கு. கிட்னி நேராக நிற்காது. முதுகெலும்பின் பக்கவாட்டில் இருக்கும் சோவாஸ் தசையை ஒட்டிச் சாய்ந்திருக்கும். மேல் முனை முதுகெலும்புப் பக்கமும் பின்னாலும், கீழ் முனை வெளியேயும் முன்னாலும் இருக்கும். புரோபை அந்தச் சாய்வுக்குத் திருப்பாமல் குறுக்காகப் படம் எடுத்து நீளம் 8.2 செ.மீ. என்று எழுதினேன். பெரியவர்களுக்கு 9 முதல் 12 என்று எல்லாருக்கும் தெரியும். சர்க்கரை நோயாளி வேறு. கிட்னி சுருங்கிவிட்டது என்று பயந்து, கடன் வாங்கிக்கொண்டு பெரிய டாக்டரிடம் போயிருக்கிறார். அங்கே 10.1. இப்போதெல்லாம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, மூன்று முறை அளந்து நீளமானதை எடுத்துக்கொள்கிறேன்.

பச்சிளம் வார்டு:
நான்கு நாள் குழந்தை. இரண்டு கிட்னியிலும் வரிசையாகக் கறுப்பு உருண்டைகள். வாய் சும்மா இருந்ததா? "நீர்க்கட்டி மாதிரி இருக்கு" என்றேன், தாய் பக்கத்தில் நிற்கும்போதே. அவை பிரமிட்கள். பிறந்த குழந்தைக்கு கார்டெக்ஸ் ஈரல் அளவுக்கு வெளுத்திருக்கும், அதனால் பிரமிட் மை பூசினதுபோலத் தெரியும். ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியாக நிற்கும். விரிந்த கேலிக்ஸ் (பிரமிட்டிலிருந்து யூரினை வாங்கும் கிண்ணம்) என்றால் நடுவில் பெல்விஸோடு சேர்ந்திருக்கும். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. பாதிதான் நம்பினார்.

முதல் வருட பிஜி:
எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு ஓபியில் யார் படுத்தாலும் முதல் கேள்வி அதுதான். பிளாடர் தொப்புள் வரை ஏறியிருந்த ஒரு தாத்தாவிடமும் கேட்டேன், "யூரின் போகணும் போல இருக்கா?"

"போகணும் போலத்தான் இருக்கு, வரத்தான் மாட்டேங்குது. அதுக்குத்தானே தம்பி வந்திருக்கேன்."