‘பில்லை டிலீட் பண்ண ஒரு பட்டன் வைங்க’

பில்லிங் மென்பொருள் செய்து கொடுப்பவர்களிடம் கடைக்காரர்கள் தவறாமல் கேட்பது இது. சரி என்று உடனே வைத்துவிடக் கூடாது. கடைசியாக அழிக்க நினைத்த பில் எது என்று கேட்டு, அதையே திரையில் எடுக்கச் சொல்லுங்கள். பல நேரம் பில் சரியாகத்தான் இருக்கும். யுபிஐயில் வந்த பணம் ரொக்கம் என்று பதிவாகி, இரவு கல்லா கணக்கு உதைத்திருக்கும். பணம் வந்த வழியை மட்டும் திருத்த முடிந்தால் போதும். ‘இருங்க, எண்ணெய் பாக்கெட் எடுத்துட்டு வரேன்’ என்று வாடிக்கையாளர் உள்ளே போய்விட்டால் தேவைப்படுவது ஹோல்ட், அதாவது பில்லைப் பாதியில் நிறுத்தி வைக்கும் வசதி. சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட், அதாவது பழைய பில்லின் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு. பில்லைக் கையில் கொடுக்கும் முன்பே தப்பு தெரிந்தால் ரத்து. எண் அப்படியே இருக்க வேண்டும். ஆக, ஒரு பட்டனுக்குள் நாலு வேலை.

இதைக் கேட்பவர் முதலாளி, தினமும் அவதிப்படுபவர் கவுன்டரில் இருக்கும் பெண். அவரிடம் பேசாமல் எழுதும் மென்பொருள் தேறாது.

மறுமொழி:
சட்டமும் குறுக்கே நிற்கிறது சார். ஜிஎஸ்டி விதி 46 பில்லுக்குத் தொடர் வரிசை எண் கேட்கிறது, 16 எழுத்துக்கு மிகாமல். விற்பனை விவரம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணையில் ரத்தானவற்றின் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும். டேட்டாபேஸிலிருந்தே அழித்தால் அங்கே இடிக்கும். இ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் பதிவாகும் பில் என்றால், அங்கே ரத்து செய்ய 24 மணி நேரம்தான், அந்த எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. மென்பொருள் வாங்கும் கடை கம்பெனியாகப் பதிவானது என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவை (எதை எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பை) அணைக்க வழியே இருக்கக் கூடாது.

மறுமொழி:
‘எல்லா ரிப்போர்ட்டுக்கும் எக்செல் வேணும்’ என்பதும் இதே ரகம். போன வாரம் எடுத்த ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னால் போதும். பெரும்பாலும் பாக்கிக்காரர்களை 30, 60, 90 நாள் என்று பிரித்து, பக்கத்தில் போன் நம்பர் ஒட்டியிருப்பார்கள். கேட்பது எக்செல், வேண்டியது வசூல் பட்டியல். அதை ஒரே திரையில் கொடுங்கள். எக்செல்லும் கொடுப்பதாக இருந்தால் வங்கிக் கணக்கு எண்ணை டெக்ஸ்ட்டாக அனுப்புங்கள். எண்ணாகப் போனால் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவை பூஜ்யமாகிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யமும் உதிர்ந்துவிடும்.

மறுமொழி:
‘ஸ்லோவா இருக்கு’ என்றால் சர்வரை மாற்றும் முன் ஸ்கேனரைப் பாருங்கள் ப்ரோ. அது கீபோர்டு மாதிரிதான், பார்கோடு முடிந்ததும் என்டர் தட்டும்படி அமைத்திருப்பார்கள். கர்சர் அளவுக் கட்டத்தில் நின்றால் பார்கோடின் 13 இலக்கமும் அளவாக விழும். அதை அழித்து அழித்தே வரிசை நீளும்.