பொருள்: ‘நஞ்சு’ இல்லாத ஒரு சொல் வேண்டும், வியாழனுக்குள்

நூலிழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குறைமாதத்தில் பிள்ளை பெற்ற அம்மாக்களுக்கான ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், எட்டாம் பக்கத்திலேயே மூன்று நாளாக நிற்கிறேன். 37 வாரம் நிறையும் முன்பே, இன்னதுதான் காரணம் என்று யாராலும் சொல்லமுடியாமல் பிறந்துவிடும் குழந்தைகளைப் பற்றிய பக்கம் அது. அப்படிப்பட்ட பிரசவங்களில் பிளாசன்டாவை, அதாவது நஞ்சுக்கொடியை, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் சில சமயம் பதில் அங்கேயே கிடக்கும் என்பதுதான் செய்தி.

நான் எழுதிய வரி: ‘உங்கள் நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் வராமல் இருந்திருக்கலாம்.’ தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்கு 31 வாரத்தில் பிறந்தது. படித்துவிட்டு, ‘அப்போ என் உடம்பில் இருந்த விஷம்தான் பிள்ளையை வெளியே தள்ளியதா?’ என்றாள். நஞ்சு வராத ஒரு சொல் கொடுங்கள், போதும்.

வித்தகம் எழுதியது:

அக்கா, இலங்கையில் நாங்கள் படித்தது சூல்வித்தகம். வித்து + அகம். நஞ்சும் இல்லை, கொடியும் இல்லை.

கடைசிவரிசை எழுதியது:

பேசாமல் பிளாசன்டா என்றே போடுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘தாய்சேய் இணைப்புத்திசு’ என்று இருக்கிறது, சொல்லி முடிப்பதற்குள் பிரசவமே ஆகிவிடும்.

குற்றியலுகரம் எழுதியது:

நஞ்சு என்றால் விஷம் என்று யார் சொன்னது? துணி கிழியும் பதத்துக்கு வந்தால் ‘நஞ்சு போச்சு’ என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? நைந்து. ஐந்து அஞ்சு ஆனதுபோல நைந்து நஞ்சு ஆயிற்று. நன்னூலில் மஞ்சு–மைஞ்சு போலி படித்தவர்களுக்கு ஐகாரமும் அகரமும் இடம் மாறுவது புதிதல்ல. நைந்து மென்மையான சதை, அதைத் தாங்கிய கொடி, அவ்வளவுதான். இன்னொன்று: அது விஷமாக இருந்தால் நஞ்சு + பாம்பு நச்சுப்பாம்பு ஆனதுபோல நச்சுக்கொடி என்றல்லவா வந்திருக்கும்? மக்கள் நஞ்சுக்கொடி என்றுதானே சொல்கிறார்கள்?

வித்தகம் எழுதியது:

ஐயா, பஞ்சுக்கொட்டையை யாரும் பச்சுக்கொட்டை என்பதில்லை. அந்த விதி எல்லா இடத்திலும் செல்லாது. தவிர, நச்சுக்கொடி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

குற்றியலுகரம் எழுதியது:

இருந்தால் இன்னும் நல்லது! நச்சுதல் என்றால் விரும்புதல். ‘நச்சப்படாதவன்’ குறள் 1004இல் இருக்கிறது, நச்சினார்க்கினியர் என்ற பெயரே இருக்கிறது. விரும்பிச் சுமந்த பிள்ளையின் கொடி. இதைவிட என்ன வேண்டும்?

கடைசிவரிசை எழுதியது:

சார், எப்படிப் போட்டாலும் உங்களுக்குத்தான் தாயம் விழுகிறது.

பேறுகாலம் எழுதியது:

ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது. பல வருடமாக அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறவள் சொல்கிறேன், அது கொடியே இல்லை. நிறைமாதத்தில் அரைக் கிலோ இருக்கும், கிட்டத்தட்ட ஒரு சாண் அகலம், தட்டுபோல. தாய்ப்பக்கம் கருஞ்சிவப்பாகக் கதுப்புக் கதுப்பாக, பிள்ளைப்பக்கம் வழவழவென்று பளபளப்பாக. அதிலிருந்து கிளம்புவதுதான் தொப்புள்கொடி. நஞ்சுக்கொடி என்றால் பாதிப் பேர் தொப்புள்கொடியைத்தான் நினைக்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய தலைவலி.

எட்டாம் பக்கத்துக்கு இது உதவுமா பாருங்கள். கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பையின் சுருள் தமனிகள் அகலமாகி இரத்தத்தை நிதானமாகக் கொட்டவேண்டும். சிலருக்கு அவை சரியாக அகலமாவதில்லை. அப்போது அந்தத் தட்டில் அங்கங்கே திட்டுத் திட்டாகத் திசு இறந்து வெளிறிக் கட்டியாகிவிடும். சிலருக்கு வெளியே காய்ச்சல்கூட இல்லாமல் உள்ளே சவ்வுகளில் அழற்சி இருக்கும். எவ்வளவு சீக்கிரம் பிறக்கிறதோ அவ்வளவுக்கு இது அதிகம் தென்படும். அந்த அம்மா செய்த தவறு எதுவும் இதில் இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்பாமல் கழிவில் போட்டுவிட்டால் காரணம் தெரியாத பிரசவம் கடைசிவரை அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், லத்தீனில் பிளாசன்டா என்றால் தட்டையான அப்பம். ஜெர்மன்காரர்கள் ‘அம்மா அப்பம்’ என்றே சொல்கிறார்கள்.

கடைசிவரிசை எழுதியது:

அப்போ நாம் ‘அடை’ என்று வைத்துவிடலாமா? :)

குற்றியலுகரம் எழுதியது:

தம்பி விளையாட்டாகச் சொன்னாலும் சொல் விளையாட்டல்ல. தேனடையில் இருப்பதும் அடைதான், அடைகாப்பதும் அடைதான். தட்டையாகவும் இருக்கிறது, ஊட்டவும் செய்கிறது, காக்கவும் செய்கிறது. சூலடை! நஞ்சுக்கொடியை நான் கைவிடவில்லை, ஆனால் இது வந்தால் எதிர்க்கமாட்டேன்.

நூலிழை எழுதியது:

சூலடை பிடித்திருக்கிறது ஐயா. ஆனால் என்னுடைய அடுத்த வரியே ‘சூலடைக் குருதிக்குழாய் அடைப்பு’ என்று வருகிறது. படிக்கிறவள் எந்த அடையை எங்கே சேர்ப்பாள்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காரணம் தெரியாத வகைக்கு மூலத்தில் ஒற்றைச் சொல்.

குற்றியலுகரம் எழுதியது:

தான்தோன்றிக் குறைப்பிரசவம். தானே தோன்றியது. கோயிலில்கூடத் தான்தோன்றி என்றால் சுயம்பு.

பேறுகாலம் எழுதியது:

ஐயா, வேண்டவே வேண்டாம். தான்தோன்றித்தனம் என்று திட்டு வாங்கிய பெண்கள்தான் இதைப் படிக்கப்போகிறார்கள்.

வித்தகம் எழுதியது:

‘காரணமற்ற’ என்பதும் கூடாது, காரணமே இல்லை என்றாகிவிடும். ‘காரணம் தெரியாத’ போதும். இரண்டு சொல் ஆனால் ஆகட்டும்.

நூலிழை எழுதியது:

11ஆம் பக்கத்தில் இன்னொன்று. பிளாசன்டாவில் சுரக்கும் ஒரு ஹார்மோன் மாதம் ஏற ஏற இரத்தத்தில் கூடிக்கொண்டே போகிறது, பிரசவம் எப்போது என்பதை அதுதான் குறிக்கிறதோ என்று 1995இல் ஒரு கட்டுரை வந்தது. அதை பிளாசன்டாவின் கடிகாரம் என்று எழுதியிருக்கிறார்கள்.

குற்றியலுகரம் எழுதியது:

கடிகாரமா! முல்லைப்பாட்டில் குறுநீர்க் கன்னல் என்ற நீர்க்கடிகாரம் வைத்துப் பொழுது சொல்கிறார்கள் அம்மா. ‘சூல்நாழிகை’ என்று போடுங்கள். இதற்கு மட்டும் யாரும் குறுக்கே வராதீர்கள்.

(இதற்குப் பிறகு கன்னல் கரும்பா கடிகாரமா என்று ஒன்பது மடல்கள். அவற்றை விடுகிறேன்.)

நூலிழை எழுதியது, புதன் இரவு:

கோப்பை அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் ‘பிள்ளைக்கு ஊட்டம் தரும் தட்டு, அதாவது பிளாசன்டா’, பிறகு எல்லா இடத்திலும் பிளாசன்டா. சூலடை பின்னிணைப்பில் இருக்கிறது, சூல்வித்தகமும் இருக்கிறது, சூல்நாழிகை 11ஆம் பக்கத்திலேயே இருக்கிறது. தங்கையிடம் திரும்பப் படிக்கக் கொடுத்தேன். இந்தமுறை விஷம் பற்றிக் கேட்கவில்லை. ‘என்னுடையதை யாராவது பார்த்தார்களா?’ என்று கேட்டாள்.

குற்றியலுகரம் எழுதியது:

நஞ்சுக்கொடியும் பின்னிணைப்பில் இருக்கவேண்டும். நைந்து என்பதை அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள், அச்சுக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது.