நிலாவுக்கு எடுத்து வைத்த உருண்டை

"நிலா நிலா ஓடி வா" பாட்டைக் கேட்டபடியே சோறு உண்டு வளர்ந்த பலர் இங்கே தங்கள் நினைவுகளை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டோடு சேர்ந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கமும் இருந்தது.

அம்பாசமுத்திரத்துக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், ஆச்சி என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, தயிர்ச்சோற்றுக் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, சோறு ஒட்டிய விரல்களை மடக்கி மடக்கி நிலாவை அழைப்பார். "வந்தேன்னா ஒனக்கும் ஒரு உருண்டை தாரேன்" என்று அதனிடம் பேரம் பேசி, கடைசி உருண்டையைக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பார். காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். இரவில் நிலா வந்து தின்றுவிட்டுப் போனது என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை.

கல்லூரியில், கடவுளையோ பெரியோரையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழைப் படித்தபோதுதான் இந்தப் பேரத்துக்கு இலக்கணமே உண்டு என்று அறிந்தேன். அதன் பகுதிகளான பத்துப் பருவங்களில் ஏழாவதான அம்புலியில், குழந்தையோடு விளையாட வருமாறு நிலாவைச் சாமம் (இன்சொல்), பேதம் (வேறுபாடு காட்டுதல்), தானம் (கொடுத்தல்), தண்டம் (மிரட்டல்) என்னும் நான்கு வழிகளிலும் அழைக்க வேண்டும். பாடுவதற்குக் கடினமான பருவம் என்பதால் அம்புலியைப் புலி என்றே புலவர்கள் சொல்வதுண்டு. பெரியாழ்வார் யசோதையின் குரலில் பாடும்போது, ஒக்கலைமேல், அதாவது இடுப்பில், இருந்தபடி கண்ணன் உன்னையே சுட்டிக்காட்டுகிறான் பார் என்று நிலாவிடம் சொல்கிறார். சிறுவன் என்று இகழாதே, அந்தச் சிறுமையின் கதையை, வாமனனாக வந்த அவனிடம் மூவடி மண் கொடுத்துத் தோற்ற மாவலியிடம் போய்க் கேள் என்று மிரட்டவும் செய்கிறார்.

ஆனால் என்னை உலுக்கியது சங்க இலக்கியமான அகநானூற்றின் 54-ஆம் பாட்டு. போர்வினை முடித்துத் திரும்பும் தலைவன், தேரை விரைந்து செலுத்தும்படி பாகனிடம் சொல்கிறான். வீட்டில் தன் மனைவி என்ன செய்துகொண்டிருப்பாள் என்று அவன் மனக்கண்ணில் காணும் காட்சியில், அவள் நிலாவை விரலால் அழைத்து, "பொன் தாலி அணிந்த என் மகனிடம் வந்தால் உனக்குப் பால் தருவேன்" என்கிறாள். இங்கே தாலி என்பது குழந்தையின் கழுத்தணி. அதே விரல், அதே பேரம். தயிர்ச்சோற்றுக்குப் பதில் பால், அவ்வளவுதான். பிரிந்திருக்கும் கணவனின் நினைவுக்கு முதலில் வருவதே இந்தக் காட்சி என்றால், அது அன்றைக்கே வீட்டுக்கு வீடு நடந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே புலவர்களிடமிருந்து தாய்மார்கள் இதைக் கற்கவில்லை, தாய்மார்களிடமிருந்துதான் புலவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அந்தத் தாயின் செயலைப் பாட்டு "புதல்வற் பொய்க்கும்" என்கிறது. மகனிடம் பொய் சொல்லி விளையாட்டுக் காட்டுகிறாள் என்பது பொருள். விடுமுறையில் ஊருக்குப் போனபோது அந்த வரியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நான் தூங்கிய பிறகு, நிலாவுக்கு எடுத்து வைத்த உருண்டையை ஆச்சிதான் திண்ணையில் உட்கார்ந்து உண்பார் என்று அம்மா அன்றைக்குத்தான் சொன்னார்.